நோட்டில் இருந்தாள், பதிவேட்டில் இல்லை

மூன்று பேர் சேர்ந்து என் அம்மாவை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சாத்தூர், சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றுக்கு உரிமம் வைத்திருந்தவர் சொன்னார்: "ஆலையை நான் நடத்தவே இல்லை. ரூமெல்லாம் குத்தகைக்கு எடுத்தவர் பொறுப்பு." குத்தகைக்கு எடுத்தவருடைய வக்கீல் சொன்னார்: "குத்தகை நடந்ததற்கு ஏதாவது காகிதம் இருக்கிறதா? எங்கள் கட்சிக்காரருக்கும் அந்த ஆலைக்கும் சம்பந்தமில்லை." போர்மேன் அழாத குறையாகச் சொன்னார்: "நானே கூலிக்கு வந்தவன் தாயி. எம்மேலதான் மொதக் கேசு." வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்கள். ஆலை வெடித்த அன்றைய பக்கத்தில் அம்மாவின் பெயர் இல்லை. முந்தின நாளிலும் இல்லை. அந்த வருஷம் முழுக்க இல்லை. விடியுமுன் வேன் ஏறி, அலுமினியப் பொடி அப்பிய வெள்ளிக் கையோடு பொழுது சாய வீடு திரும்பியவள் அந்த ஆலைக்குள் நுழையவே இல்லையாம். அப்படியென்றால் தீக்காயப் பிரிவில் முகம் தெரியாமல் கிடந்து செத்தது யார்?

காரியம் முடிந்த மறுவாரம் கணக்குப்பிள்ளை எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் நீளவாக்கிலான ஒரு நோட்டு. அந்த நோட்டில் அம்மா இருந்தாள். பெயர், ஊர், கொடுத்த அட்வான்ஸ், வாராவாரம் கழித்தது, மீதி, எல்லாம் நீல மையில் தெளிவாக இருந்தன. "மீதி பதினாலாயிரத்துச் சொச்சம் நிக்கிது தாயி. ஒங்களுக்கு வர்ற நஷ்டஈட்டுல பிடிச்சுக்கிடச் சொல்லிருக்காக" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. அவரும் கூலிக்காரர்தான். ஆனால் நோட்டை இறுக்கிப் பிடித்திருந்தார்.

செத்தவள் அவர்களுடைய ஆள் இல்லை. செத்தவளின் கடன் மட்டும் அவர்களுடையது. இந்தக் கணக்கை எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள், அண்ணாச்சிகளே?

அந்த அட்வான்ஸில் பாதி என் சட்டக் கல்லூரிக்குக் கட்டிய பணம். அதனால்தான் இதையெல்லாம் படிக்கவும் இப்படி எழுதவும் என்னால் முடிகிறது. படித்த இடத்தில் அமெரிக்கத் தென்மாகாணங்களின் அடிமை வழக்குகள் கண்ணில் பட்டன. உள்நாட்டுப் போருக்கு முன்னால் அங்கே நீதிமன்றங்களில் குவிந்து கிடந்தவை மனிதர்களைப் பற்றிய சொத்து வழக்குகள். அடமானம் வைத்த ஆளை மீட்பது, பாகப்பிரிவினையில் யாருக்கு எந்த ஆள், உயில் செல்லுமா செல்லாதா, இப்படி. லூசியானா மாகாணத்தில் வாங்கிய அடிமைக்குச் சித்தப்பிரமையோ தொழுநோயோ இருந்தால், அல்லது ஓடிப்போகும் பழக்கம் இருந்ததை விற்றவன் மறைத்திருந்தால், திருப்பி அனுப்பிப் பணத்தைக் கேட்கலாம். சட்டத்திலேயே இடமிருந்தது.

ஒரு வழக்கைப் படித்துவிட்டு அன்றிரவு நான் சாப்பிடவில்லை. 1846, ஜார்ஜியா மாகாண உச்ச நீதிமன்றம். உட்பிரிட்ஜ் என்பவருக்குச் சொந்தமான ஓர் அடிமைத் தச்சனை ஒரு நீராவிப் படகுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். படகில் இருந்தவர்களின் அசட்டையால் தச்சன் செத்துப்போனான். சொந்தக்காரர் படகுக்காரர்மேல் வழக்குப் போட்டார். படகுக்காரர் தரப்பு ஒரு வாதம் வைத்தது: கூட வேலை செய்பவன் செய்த தப்புக்கு முதலாளி பொறுப்பில்லை என்று சட்டம் இருக்கிறதே. நீதிபதி லம்ப்கின் அதை ஏற்கவில்லை. அந்த விதி சுதந்திரமான கூலிக்காரனுக்குத்தான். அவன் ஆபத்தைப் பார்த்தால் விலகிப் போகலாம், கூட இருப்பவன் கவனக்குறைவாக இருந்தால் தட்டிக் கேட்கலாம், மேலே சொல்லலாம். அடிமை அப்படிச் செய்ய முடியாது, வாயைத் திறக்கவே துணியமாட்டான் என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே பணம் உண்டு. யாருக்கு? உட்பிரிட்ஜுக்கு. தச்சனுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்களா என்று யார் கேட்டது?

கொடுமைதான். ஆனால் அந்த நீதிபதி ஒன்றை ஒத்துக்கொண்டார், கவனித்தீர்களா? கட்டுப்பட்டவன் அபாயத்தை விட்டு விலக முடியாது என்பதை அவர் எழுதிவைத்தார். எங்கள் பக்கம் ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பிறகும் என்ன சொல்கிறார்கள்? "தொழிலாளர்களின் கவனக்குறைவு." "உராய்வு காரணமாக." செய்தித்தாள்களைப் புரட்டிப் பாருங்கள், வருஷக்கணக்காக உராய்வுதான் முதல் குற்றவாளி. உராய்வுக்கு ஜாமீனும் வேண்டியதில்லை.

இன்னொன்று வட கரோலைனா, 1829. எலிசபெத் ஜோன்ஸ் என்ற பெண்ணுக்குச் சொந்தமான லிடியா என்ற அடிமைப் பெண்ணை ஜான் மான் ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு எடுத்தான். அடிக்கப் போனபோது அவள் ஓடினாள். முதுகுக்குப் பின்னாலிருந்து சுட்டான். கீழ்க்கோர்ட்டு அவனைக் குற்றவாளி என்றது. மேலே நீதிபதி ரஃபின் அதைத் தள்ளுபடி செய்தார்: வாடகைக் காலம் முடியும்வரை சொந்தக்காரருக்குள்ள அதே அதிகாரம் வாடகைக்கு எடுத்தவனுக்கும் உண்டு. ஆளை வாடகைக்கு எடுத்தவன் குற்றவாளி ஆகக்கூடாது என்பதற்காக அவனை ஆண்டை ஆக்கினார்கள். எங்கள் பக்கம் அதையே தலைகீழாகப் பார்க்கிறேன். குத்தகைக்கு எடுத்தவன் வேலை வாங்கும்போது ஆண்டை, வெடித்த பிறகு வழிப்போக்கன்.

அங்கே சொத்து வழக்குகளில் நின்ற இரண்டு தரப்பும் "இவன் என்னுடையவன்" என்று சொல்லிச் சண்டை போட்டார்கள். என் அம்மா வழக்கில் மூன்று தரப்பும் "அவள் என்னுடையவள் இல்லை" என்று சொல்லிச் சண்டை போடுகிறார்கள். முன்னதில் மனுஷன் சொத்து. பின்னதில் மனுஷி சொத்தாகவும் இல்லை, ஆளாகவும் இல்லை.

தூரதேசத்துக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். சேக்கிழார் பாடிய நம் புராணத்திலேயே அடிமை வழக்கு இருக்கிறது. புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். ஒரு கிழ வேதியர் வந்து, "இவன் என் அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலை என்னிடம் இருக்கிறது" என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறார். கிழவர் அசரவில்லை, கிழித்தது படி ஓலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார். சபை கூடுகிறது. பாட்டன் எழுதிய வேறொரு ஓலையை எடுத்து வந்து கையெழுத்தை ஒப்புப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறது. சுந்தரர் அடிமை என்று தீர்ப்பு. வந்தவர் சிவபெருமான் என்பதால் நாம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். என் அம்மாவுக்கும் சிவன்மேல் பக்தி உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் சேக்கிழார் காலத்து ஆட்களுக்கு இவ்வளவும் தெரிந்திருந்தது என்பது என் நெஞ்சை அடைக்கிறது: படி வேறு, மூலம் வேறு, ஆவணத்தை அழித்தாலும் வழக்கு அழியாது, கையெழுத்தை ஒப்புநோக்க வேண்டும், பாட்டன் எழுதிக்கொடுத்ததற்குப் பேரன் கட்டுப்படுவான். கடைசியைத் தவிர மற்றதெல்லாம் எங்களுக்கு வேண்டும். கடைசி மட்டும்தான் எங்களுக்குக் கிடைக்கிறது.

  வெள்ளைக்காரன் காலத்திலும் தமிழ்நாட்டு நஞ்சை வயல்களில் ஆட்களை விற்பதும் ஒத்திக்கு வைப்பதும் எழுத்தோடு நடந்தன. மலபாரில் இன்னும் தெளிவு. 1800-இல் அங்கே சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன் அடிமைகளை ஜென்மமாக விற்பதையும், காணத்துக்கு அடகு வைப்பதையும், பாட்டத்துக்கு விடுவதையும் எழுதிவைத்திருக்கிறார். பாட்டம் என்றால், சொந்தக்காரன் ஒருத்தன், வேலை வாங்குகிறவன் வேறொருத்தன். எங்கள் ஊர் உள்குத்தகைக்கு வயது அதிகம்.

1843-இல் அடிமைத்தனத்தை ஒழித்தார்கள் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அந்த ஐந்தாம் எண் சட்டத்தைப் போய்ப் படித்தால் நான்கே நான்கு பிரிவு. வரிப்பாக்கிக்காக அதிகாரி யாரும் ஆளை ஏலம் போடக்கூடாது. ஆள்மேல் சொத்துரிமை கொண்டாடி வரும் எந்த வழக்கையும் நீதிமன்றம் ஏற்று நிறைவேற்றக்கூடாது. அடிமை என்று சொல்லி ஒருவன் சம்பாதித்த சொத்தைப் பறிக்கக்கூடாது. சுதந்திரமானவனுக்குச் செய்தால் குற்றமாகும் எதுவும் அடிமைக்குச் செய்தாலும் குற்றம். அடிமை வைத்திருப்பதே குற்றம் என்று ஒரு வரிகூடக் கிடையாது. ஆண்டைக்குக் கோர்ட்டுக் கதவைச் சாத்தினார்கள், அவ்வளவுதான். ஆள் வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரியது என்று வர 1860-இன் தண்டனைச் சட்டம் வேண்டியிருந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே இன்னொரு கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். 1859-இன் பதின்மூன்றாம் எண் சட்டம். முன்பணம் வாங்கிய கூலிக்காரன் வேலைக்கு வராவிட்டால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். மாஜிஸ்திரேட், பணத்தைக் கட்டு அல்லது வேலையைச் செய் என்பார். இரண்டும் இல்லையென்றால் மூன்று மாதம்வரை கடுங்காவல். ஓலைக்குப் பதில் முன்பணச் சீட்டு வந்தது. அந்தச் சட்டத்தை ரத்து செய்ய 1925 வரை ஆனது.

1933-இல் குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கச் சட்டம் வந்தது. அடகு வைத்த பெற்றோருக்கு 50 ரூபாய்வரை அபராதம், வாங்கிய முதலாளிக்கு 200 ரூபாய்வரை. இந்தச் சட்டம் புத்தகத்தில் இருக்கும்போதுதான் எங்கள் பகுதித் தீப்பெட்டி ஆபீசுகளுக்குப் பிள்ளைகளை இருட்டோடு பஸ்ஸில் ஏற்றினார்கள். அம்மாவும் அப்படி ஏறியவள்தான். பாட்டி வாங்கிய அட்வான்ஸுக்காக எட்டு வயசில் குச்சி அடுக்கப் போனாள். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. அதற்குப் பிறகு பிள்ளைகள் குறைந்தார்கள், பள்ளிக்கூடம் நிரம்பியது, நான் படித்தேன். அதை மறைத்துப் பேசினால் நான் பொய்க்காரி. ஆனால் அம்மாவுக்கு அப்போது பிள்ளை வயசு தாண்டியிருந்தது. குச்சி அடுக்கியவள் திரி வெட்டப் போனாள், சரம் பின்னப் போனாள், கடைசியில் ஃபேன்ஸி ரகத்துக்கு மணி மருந்து உருட்டப் போனாள்.

அட்வான்ஸ் எப்படி நடக்கிறது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முன்னால் ஆலை பூட்டுவார்கள். பூஜை, போனஸ், சுவீட்டு. பிறகு திறக்கும்வரை கூலி கிடையாது. திறக்கும்போது ஆள் வேண்டும். கை பழகிய ஆள் வேண்டும். அப்போது அட்வான்ஸ் கொடுப்பார்கள். பத்தாயிரம், இருபதாயிரம், கை வேகத்தைப் பொறுத்து அதற்கும் மேலே. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, காலேஜ் பீஸ், எல்லாத்துக்கும் கை நீட்ட எங்களுக்கு வேறு இடம் ஏது? பேங்கில் போய்க் கேட்டால் அடமானம் என்ன என்பான். இங்கே அடமானம் கேட்கவே மாட்டார்கள். ஏன் கேட்க வேண்டும்? நிற்கிறாளே. வாரக் கூலியில் கொஞ்சம் கழிப்பார்கள். கழிந்து முடியும் தறுவாயில் இன்னொரு செலவு வரும், இன்னொரு அட்வான்ஸ். மீதி நிற்கும்வரை வேறு ஆலைக்குப் போகக்கூடாது. இது எங்கேயும் எழுதியிருக்காது, எல்லாருக்கும் தெரியும்.

எழுதியிருக்காது என்றேன். ஆனால் ஒருநாள் அது பேச்சாக என் காதில் விழுந்தது.

விபத்துக்கு முந்தின வருஷம். அம்மா ஒரு குத்தகைக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தாள். மழை, வேலை நின்றுபோனது. அடுப்பு எரிய வேண்டுமே. பக்கத்து வீட்டு மதினியோடு சேர்ந்து வேறொரு குத்தகைக்காரரின் ரூமுக்குப் போனாள். விஷயம் தெரிந்து முதலாமவர் ஆட்களோடு ஊருக்குள் வந்துவிட்டார். இரண்டாமவரும் வந்தார். பிள்ளையார் கோயில் வேம்படியில் பேச்சு நடந்தது. "என் ஆள எப்படி நீ இழுக்கலாம்? சீசன் நேரத்துல எனக்கு யாரு மருந்து உருட்டுவா?" என்றார் முதலாமவர். "மீதி என்னான்னு சொல்லுங்கண்ணாச்சி, நான் கட்டுதேன், ஆள விட்ருங்க" என்றார் இரண்டாமவர். நோட்டைப் பிரித்தார்கள். கழித்த வாரத்தில் ஒன்று கணக்கில் வரவில்லை என்று அம்மா சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மா இரு தாயி, நாங்க பேசிக்கிடுதோம்" என்றார்கள் இருவரும். அதில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை. கடைசியில் ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டார்கள். பணம் கைமாறியது. இந்த நோட்டில் பக்கத்தை அடித்துவிட்டு அந்த நோட்டில் புதுப் பக்கம் போட்டார்கள். தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு அம்மா ஓரமாக நின்றாள். அவளை யாரும் விற்கவில்லை. அவள் நின்றுகொண்டிருந்த இடத்தில் ஒரு விலை பேசப்பட்டது, அவ்வளவுதான்.

அந்த இரண்டாமவர்தான் இன்றைக்கு, "அந்தப் பெண்ணை எனக்குத் தெரியவே தெரியாது" என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் கையெழுத்தை ஒப்புப் பார்த்தார்களே, அதுபோல இவர் கையெழுத்தையும் அந்த நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு சபை வேண்டும் எங்களுக்கு.

உள்குத்தகையைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். பட்டாசு ஆலைக்கு உரிமம் மூன்று விதம். கொஞ்ச அளவுக்கு மாவட்ட வருவாய் அலுவலர் கொடுக்கும் டிஆர்ஓ லைசென்ஸ், அதற்கு மேலே சென்னை லைசென்ஸ், பெரிசுக்கு நாக்பூர் லைசென்ஸ். நாக்பூரில்தான் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமை அலுவலகம் இருக்கிறது. உரிமம் ஆள் பெயருக்கு, இடத்துக்கு, அளவுக்கு என்று கணக்காகக் கொடுப்பது. அதை இன்னொருவருக்குக் கைமாற்றி விடக்கூடாது. ஆனால் உரிமக்காரர் ரூம் ரூமாகப் பிரித்து விடுகிறார். நாலு ரூம் ஒருத்தருக்கு, ஆறு ரூம் ஒருத்தருக்கு. ஒவ்வொருத்தரும் வாடகையைத் தேற்ற வேண்டும். தேற்ற வேண்டுமென்றால் சரக்கு ஏற வேண்டும். ஒரு ரூமில் 4 பேருக்கு மேல் கூடாது என்றால் 8 பேர் உட்காருவார்கள். ரூம் போதாவிட்டால் மரத்தடி. மருந்தை அன்றன்றே தீர்க்க வேண்டும் என்றால் மறுநாளைக்கும் மிச்சம் இருக்கும். மீந்த மருந்துக்கு மறுநாள் காலையில் என்ன குணம் வரும் என்று மருந்துக்கே தெரியாது. இத்தனை கையில் பிரிந்த பிறகு ஆலைக்குள் பாதுகாப்பு யார் வேலை? எல்லாரும் வாடகைக்கு இருக்கிறவர்கள். அம்மா ஒருத்திதான் நிரந்தரம்.

இதெல்லாம் ரகசியமா? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஆலை வெடித்து ஏறக்குறைய 40 உயிர் போனது. விதிமீறலுக்காக உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட நிலையிலும் வேலை நடந்தது அப்போதே ஊரறிந்தது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. ஆலையைப் பலருக்குப் பிரித்துக் குத்தகைக்கு விட்டிருந்தது வெளியே வந்தது. உயிரிழந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் என்று தீர்ப்பாயம் சொன்னது. அதற்குப் பிறகாவது? 2023 அக்டோபரில் ரெங்கபாளையம். 2024 மே 9 செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி. ஊர்ப் பெயர் மாறுகிறது; தலைமறைவு, தனிப்படை, போர்மேன் கைது என்ற வரிசை மாறுவதில்லை. அமைச்சர் வருவார், மாலை போடுவார், நிவாரணக் காசோலை கொடுப்பார். காசோலையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அரசாங்கம் கொடுக்கிற பணம் அரசாங்கத்தின் பணம். முதலாளி கொடுக்க வேண்டியது எங்கே என்றுதான் கேட்கிறேன்.

"அடிமை அது இதுன்னு பெரிய வார்த்தையெல்லாம் பேசாதம்மா" என்று எங்கள் ஊரிலேயே பெரியவர் ஒருவர் சொன்னார். "வானம் பார்த்த பூமி இது. மானாவாரிப் பருத்தியும் கம்பும் சோறு போடுமா? இந்தத் தொழில் இல்லேன்னா பாதி ஜனம் பஞ்சம் பொழைக்கப் போயிருக்கும். அட்வான்ஸ் கேட்டு ஒங்க அம்மாதான் போனா. யாரும் கட்டி இழுக்கல."

உண்மைதான். அம்மாவைச் சங்கிலி போட்டு இழுக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள், என்னைக் கொஞ்சினாள், ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போனாள். அமெரிக்காவில் பிள்ளையைத் தாயிடமிருந்து பிடுங்கி ஏலம் விட்டார்கள். அந்தக் கொடுமையோடு என் அம்மா பட்டதைச் சமமாக வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. வைத்தால் அது அந்தத் தாய்களுக்குச் செய்யும் துரோகம். தொழிலும் வேண்டும்தான். பட்டாசு கட்டாத நாளில் எங்கள் தெருவில் பால் வாங்கக் கடன் சொன்னதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் பெரியவரே, கேட்டுப் போனாள் என்கிறீர்கள். கேட்டு வாங்கிய கடன் என்றால் கடனாக இருக்கட்டும். வட்டி போடுங்கள், தவணை போடுங்கள், கட்டாவிட்டால் சிவில் கோர்ட்டுக்குப் போங்கள். வேறு ஆலைக்குப் போகக்கூடாது என்று ஏன் தடுத்தீர்கள்? வேம்படியில் இரண்டு பேர் நின்று ஏன் அவளுக்கு விலை பேசினார்கள்? மருந்து நேற்றைய மருந்து, உருட்ட மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நோட்டு வந்திருக்கும். ஜார்ஜியா நீதிபதி 1846-இல் சொன்னதுதான்: கட்டுப்பட்டவள் வாயைத் திறக்கமாட்டாள். அவள் வாயைக் கட்டியது பதினாலாயிரத்துச் சொச்சம்.

இதற்குச் சட்டம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் சங்கிலியைத் தேடவில்லை. முன்பணத்துக்காக வேறு இடத்தில் வேலை தேடும் சுதந்திரத்தை இழந்தால் போதும், அது கொத்தடிமைத்தனம். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று 1982-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டாய உழைப்பு என்று தெரிந்தால் அதற்குப் பின்னால் முன்பணம் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும் என்று 1983-இல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் சொன்னது. அந்தச் சட்டத்தின் ஆறாம் பிரிவு அப்படிப்பட்ட கடனை அடியோடு அழிக்கிறது. பதினைந்தாம் பிரிவு இன்னும் முக்கியம். இது கொத்தடிமைக் கடன் என்று நாங்கள் சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர். நிரூபிக்க என்ன வேண்டும்? நோட்டு வேண்டும். நோட்டைக் கொண்டுவந்தால் அம்மா அவர்களுடைய ஆள் என்பது நிரூபணம். கொண்டுவராவிட்டால் கடனே இல்லை. இந்த இடத்துக்கு வந்தபோது, அம்மா போன பிறகு முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது.

1923-இன் இழப்பீட்டுச் சட்டமும் 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்தது. வேலையை ஒப்பந்தக்காரரிடம் பிரித்துக் கொடுத்திருந்தாலும் மூல முதலாளி இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றது அதன் பன்னிரண்டாம் பிரிவு. கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் அவர் வசூலித்துக்கொள்ளட்டும். இழப்பீட்டுத் தொகையில் எந்தப் பாக்கியையும் ஈடுசெய்து பிடிக்கக்கூடாது என்றது அதன் ஒன்பதாம் பிரிவு. செத்தவளின் பணத்தில் அட்வான்ஸ் மீதியைக் கழிப்பது நூறு வருஷத்துக்கு முன்னாலேயே தடுக்கப்பட்ட காரியம். எங்கள் ஊரில் எத்தனை வாசலில் அந்த நோட்டு போய் நின்றிருக்கும், எத்தனை தாய்மார் காசோலையை மாற்றிய கையோடு எண்ணிக் கொடுத்திருப்பார்கள்? "செத்தும் கடன்காரியாப் போகக்கூடாது" என்று எங்கள் ஜனத்துக்கு ஒரு ரோஷம் உண்டு. அந்த ரோஷத்தையும் அவர்கள் அடமானமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

மாவட்டக் கண்காணிப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது, கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி. ஆட்சியரே தலைமை. அந்தக் குழு ஆலைக்குள் போனால் வருகைப் பதிவேட்டைக் கேட்கிறது. பதிவேட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களைப் பற்றித்தான் கேள்வி. அய்யா, அதிகாரிகளே, பதிவேட்டைப் பார்த்தது போதும். அட்வான்ஸ் நோட்டைக் கேளுங்கள். கணக்குப்பிள்ளையின் மேஜை இழுப்பறையில் இருக்கும், இல்லையென்றால் அவர் வீட்டு பீரோவில். எங்கள் ஆட்கள் எத்தனை பேர், யார் யார், எந்த ரூம், எவ்வளவு நாளாக, எல்லாம் அதில் ஒரு பிழை இல்லாமல் இருக்கும். கூலி எழுத மறந்துபோகும் முதலாளிகூடக் கடன் எழுத மறந்ததில்லை.

கணக்குப்பிள்ளை போன வெள்ளிக்கிழமையும் வந்தார். "மொத்தமா வேண்டாம் தாயி, மாசம் ஆயிரமாக் கொடுத்தாப் போதும், மொதலாளி எரக்கப்பட்டுச் சொல்லிருக்காரு" என்றார். திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தேன். அழிந்துபோன கொத்தடிமைக் கடனுக்குப் பணம் வாங்கினால் வாங்கியவருக்கு மூன்று வருஷம்வரை சிறை, கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஒன்பதாம் பிரிவு என்று சொன்னேன். ஆயிரம் ரூபாயை எடுத்து வைக்கிறேன், உங்கள் கையால் ரசீது எழுதிக் கொடுங்கள், அம்மா பெயரையும் ஆலையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள் என்றேன். அவர் மோரைக் குடித்து முடித்தார். நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "மொதலாளியக் கேட்டுட்டு வாரேன்" என்று எழுந்து போனார்.